ஏழு நாடி

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் நாத்தனார் செண்பகவடிவு. என் சின்ன மகள் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த நாள் அது. இருபது வருஷம் ஆகிவிட்டது. வராந்தா பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்ன மாதிரியே சொல்கிறேன். கூடக்குறைய ஏதாவது வந்துவிட்டால் சாமி பொறுத்துக்கொள்ளட்டும்.

முன்னொரு காலத்தில் ஒரு பெரிய ஆற்றின் கரையில் தோணித்துறை இருந்தது. துறையை ஒட்டி ஓலைக் கூரை வேய்ந்த ஒரு சின்ன மடம். அதில் தில்லையம்மை என்பவர் இருந்தார். முப்பது வருஷமாக அவருக்கு ஒரே வேலை. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதைக் கேட்பது.

என்ன பேசுகிறார்கள் என்பது அவருக்குப் பெரிதில்லை. எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் பெரிது. யார் முதலில் வாயைத் திறக்கிறார்கள், யார் குறுக்கே விழுகிறார்கள், கேட்டதற்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் சும்மா போகிறது. அந்தச் சும்மா போகிற நேரத்தை அளக்க ஒரு வழி வைத்திருந்தார். இடது மணிக்கட்டில் வலது கை விரலை வைத்துத் தன் நாடியை எண்ணுவார். ஒரு நாடி, இரண்டு நாடி என்று ஏட்டில் குறிப்பார்.

தோணிக்காரர்களுக்கு அது பெரிய வேடிக்கை.

"அம்மைக்கு என்ன தீராத காய்ச்சலா? எப்பப் பாத்தாலும் தன் நாடியைத் தானே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக!"

"காய்ச்சல் இல்லைடா. நம்ம பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பிடிச்ச கிறுக்கு."

அம்மை சிரிப்பார். அவர்கள் எத்தனை நாடி சிரித்தார்கள் என்பதையும் எழுதிக்கொள்வார்.

இப்படிக் கேட்டுக் கேட்டு அவர் ஒன்று கண்டுபிடித்தார். 'வருகிறாயா?' என்று கேட்டால், வரப் போகிறவன் ஒரு நாடிக்குள் 'வாரேன்' என்கிறான். வர மனமில்லாதவன் மூன்று நான்கு நாடி தயங்கிவிட்டு, 'வீட்ல கொஞ்சம் சோலி இருக்கு' என்கிறான். வாய் சொல்வதற்கு முன்னாலேயே அந்தத் தயக்கம் சொல்லிவிடுகிறது. இதையும் இது போல இன்னும் பலதையும் எழுபத்திரண்டு ஏட்டில் எழுதிக் கட்டி வைத்தார்.

அவரிடம் மருதையர் என்று ஒரு சீடர். அம்மையைவிட இரண்டு வயது மூத்தவர். அரண்மனையில் ஓலை எழுதிக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு வந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனசில் ஒரே ஒரு குறை. இவ்வளவு பெரிய படிப்பு இந்த ஆற்றங்கரையில் யாருக்கும் தெரியாமல் கிடக்கிறதே என்று.

அந்தக் குறையைத் தீர்க்க அவரே ஒரு காரியம் செய்தார். அம்மையிடம் கேட்டுக்கொண்டு ஏடுகளைப் படி எடுத்து, அரண்மனை நியாய சபைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெரிய நடுவர் படித்துப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். அன்றிலிருந்து சபையில் நாடி எண்ண ஒருவரை உட்கார வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவனிடம் 'நீ செய்தாயா?' என்று கேட்பார்கள். நாலு நாடிக்கு மேல் தயங்கினால் அவன் எதையோ மறைக்கிறான் என்று முடிவு. எண்ணுகிற ஆட்களுக்குப் பழக்கிக் கொடுத்தவர் மருதையர்தான். பெரிய வழக்கென்றால் அவரே போய் எண்ணினார்.

மூன்று வருஷம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மருதையர் புதுச் சால்வை போர்த்திக்கொண்டு மடத்துக்கு வந்தார். கையில் ஓர் ஓலைச் சுருள்.

"அம்மை, அரசர் ஒன்று கேட்டு அனுப்பியிருக்கிறார். உங்கள் படிப்பால் இந்த நாட்டுக்கு என்ன பயன் விளைந்தது என்று எழுதித் தரச் சொல்கிறார். நான் எழுதிவிட்டேன். உங்கள் முத்திரை விழுந்தால் போதும். நாட்டில் இருக்கிற எல்லா நியாய சபைக்கும் நாடி வழக்கம் போய்விடும்."

"வாசியும்."

மருதையர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார். நாடி பார்த்துத் தீர்த்த வழக்குகள் நூற்றுப் பன்னிரண்டு. முன்பு ஒரு வழக்கு முடிய ஆறு மாசம், இப்போது ஆறு நாழிகை. தூக்கு விதித்த வழக்குகள் பன்னிரண்டு. அதில் பதினொன்று நிறைவேறிவிட்டது. பன்னிரண்டாவது எல்லாவற்றிலும் சிறப்பு. சாட்சியே இல்லாத வழக்கு அது. உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் காவலாளியை யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். கூத்தன் என்பவனை நிறுத்திக் கேட்டபோது ஏழு நாடி தயங்கிவிட்டுத்தான் 'இல்லை' என்றான்.

"எண்ணியது யார்?"

"நானேதான் அம்மை. ஏழு. அவ்வளவு பெரிய தயக்கத்தை நான் சபையில் கேட்டதே இல்லை."

"கூத்தன் எந்தப் பக்கத்து ஆள்?"

"கடலோரத்து உப்பளம்."

அம்மை கட்டி வைத்திருந்த ஏடுகள் பக்கம் திரும்பினார்.

"நான் உம்மிடம் கொடுத்தது எழுபத்திரண்டு ஏடு. சபைக்கு எத்தனை போயிற்று?"

"எழுபத்தொன்று."

"ஒன்று எங்கே?"

"கடைசி ஏடு... அதில் நாம் போய்க் கேட்காத ஊர்களின் பெயர்தானே இருந்தது? நடுவர்களுக்குப் பொறுமை கிடையாது அம்மை. தெரிந்ததைச் சொன்னால் கேட்பார்கள். தெரியாததற்கு ஒரு ஏடு என்றால் சிரிப்பார்கள். அதனால் எடுத்து வைத்துவிட்டேன்."

"அதில் உப்பளம் இருந்ததா?"

மருதையர் கையிலிருந்த ஓலையைச் சுருட்டத் தொடங்கினார்.

"கூத்தனுக்கு என்றைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்?"

"வெள்ளிக்கிழமை காலை."

"அந்த ஓலையைக் கீழே வையும். இப்போதே உப்பளத்துக்குப் புறப்படும். எதிர்ப்படுகிற ஆட்களிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேளும். எண்ணும். அதற்குப் பிறகு இங்கே திரும்பி வந்து பொழுதைப் போக்க வேண்டாம். எங்கே போக வேண்டும் என்று உமக்கே தெரியும்."

மருதையருக்கு உள்ளூரக் கோபம்தான். பயனைக் கேட்ட அரசருக்கு ஓலை போகாமல் கிடக்கிறது, இவரானால் தண்ணீர் கேட்கச் சொல்கிறாரே என்று. ஆனாலும் போனார்.

புதன்கிழமை உச்சி வெயிலில் உப்பளம் போய்ச் சேர்ந்தார். கண் கூசும்படி பாத்தி பாத்தியாக வெள்ளை. முதலில் கண்ணில் பட்டவர் வாருபலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு கிழவர்.

"பெரியவரே, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?"

கிழவர் வேலையை நிறுத்தினார். தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார். மருதையர் மணிக்கட்டில் விரலை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு.

"அதோ பானை இருக்கு, மோந்து குடிங்கய்யா" என்றார் கிழவர். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

அடுத்து ஒரு வாலிபன். ஆறு நாடி. தண்ணீரோடு ஒரு வெல்லக்கட்டியும் கொடுத்தான். அடுத்து கூடை சுமந்த இரண்டு பெண்கள். எட்டு நாடி.

குடிசை ஓரத்தில் ஒரு பெண் ஓலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். அவளிடமும் கேட்டார். அவளும் தலையைக் குனிந்தாள். ஏழு நாடி கழித்து எழுந்து, மண் கலயத்தில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

அவர் குடிக்கவில்லை.

"ஏம்மா, இந்த ஊரில் எதைக் கேட்டாலும் இவ்வளவு யோசிக்கிறீர்களே, எதற்கு?"

அவள் மறுபடி பொறுத்துவிட்டுத்தான் சொன்னாள். "யோசிக்கலய்யா. பெரியவுக கேட்டா, கேட்ட வார்த்தை தரையில எறங்குற வரைக்கும் பொறுக்கணும். அதுக்கு முந்தி வாயைத் திறந்தா அவுக வார்த்தையை மிதிச்ச மாதிரி. எங்க ஊர்ல அப்படிப் பேசுனா, பிள்ளைய வளத்த லட்சணத்தைப் பாருன்னு ஆத்தாளைத்தான் ஏசுவாக."

"யார் கேட்டாலும் இப்படித்தானா?"

"சின்ன ஆளு கேட்டா கொஞ்சம். பெரிய ஆளு கேட்டா நெறைய. ராசாவே வந்து கேட்டா எம்புட்டுப் பொறுக்கணுமோ, யாரு கண்டா!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டாள். "ஐயா நகரத்துப் பக்கமா போவீகளா?"

"போவேன்."

"எம் பேரு உலகி. எங்க வீட்டு ஆளை விசாரணைக்குன்னு கூட்டிப் போயிருக்காக. கூத்தன்னு பேரு. தப்பு ஒண்ணும் பண்ணல. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வந்துருவேன்னு போனாக. பெரிய சபையில மரியாதையா நடந்துக்கிருங்கன்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன். வந்துருவாகள்ல?"

"வந்துவிடுவார்" என்றார் மருதையர்.

ஒரு நாடிகூட ஆகவில்லை. கேட்டதும் சொல்லிவிட்டார்.

அந்தத் தண்ணீரைக் குடிக்காமலேயே திரும்பினார். சால்வை எங்கேயோ நழுவி விழுந்தது. எடுக்க நிற்கவில்லை. வியாழக்கிழமை பகலில் சபைக்குள் நுழைந்தபோது காலெல்லாம் கொப்புளம்.

பெரிய நடுவர் வாய் நிறைய வரவேற்றார். "வாரும் மருதையரே! எங்கே சால்வை? நல்லதாக இன்னொன்று போடச் சொல்லவா?"

"ஐயா, கூத்தனைத் தூக்கில் போடக் கூடாது. அவன் தயங்கவில்லை. மரியாதை கொடுத்தான். உப்பளத்தில் எல்லோருமே அப்படித்தான் பேசுகிறார்கள். நான் போய் எண்ணிவிட்டு வருகிறேன்."

சபையில் சலசலப்பு. யாரோ பின்னாலிருந்து, "ஏழு நாடி மரியாதையாம்! என் மருமகன் அரை நாடி கொடுத்தாலே போதும்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

நடுவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் உங்கள் அம்மையின் நூல் பொய்யா?"

"நூல் பொய்யில்லை. துறையிலும் சந்தையிலும் கேட்டதை அம்மை எழுதினார். கேளாத ஊர்களின் பெயரையும் கடைசி ஏட்டில் எழுதியிருந்தார்."

"எங்களிடம் இருக்கிற நூலில் அப்படி ஓர் ஏடு இல்லையே?"

"இல்லை ஐயா."

"ஏற்கெனவே பதினொரு பேர் போயிருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் இப்படி மரியாதை கொடுத்தவர்கள்?"

"தெரியாது."

"தெரியாது. இவனை இன்றைக்கு விட்டால் நாளைக்கு அந்தப் பதினொரு வீட்டுக்காரர்களும் இந்த வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"அதற்காக இவனையும் கொல்வதா?"

நடுவர் முன்னால் குனிந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒன்று மட்டும் சொல்லும். அந்த ஏடு வழியில் தொலைந்ததா, நீரே எடுத்தீரா?"

மருதையர் வாயைத் திறந்தார். சபையைச் சுற்றிப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது?

"நானேதான் எடுத்தேன்" என்றார் கடைசியில்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த நாடி எண்ணுபவர் எழுந்து நின்றார். மருதையர் பழக்கிக் கொடுத்த ஆள்தான்.

"ஆறு, ஐயா."

நடுவர் சாய்ந்து உட்கார்ந்தார். "ஆறு நாடி தயங்கிச் சொன்ன சொல்லை இந்தச் சபை எடுத்துக்கொள்வதில்லை. அது நீர் கொண்டுவந்த வழக்கம். கூத்தனுக்காக யாரோ உம்மைப் பேசி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வயசுக்கு மரியாதை கொடுத்து உம்மை வெளியே விடுகிறேன். போம்."

"நான் உண்மையைத்தான் சொன்னேன் ஐயா!"

"அவனும் அப்படித்தான் சொன்னான்."

வெள்ளிக்கிழமை காலையில் தூக்குமரத்தடியில் மருதையர் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றார். கூத்தன் மெலிந்த ஆள். கால் பாதம் உப்பில் வெந்து வெளுத்திருந்தது. பயந்தவன் மாதிரி இல்லை. எங்கேயோ பிழை நடந்திருக்கிறது, யாராவது கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நிற்பவன் மாதிரி நின்றான்.

அதிகாரி கேட்டார். "கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா?"

கூத்தன் தலையைக் குனிந்தான். தரையைப் பார்த்தான்.

மருதையருக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் ஓடினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கயிற்றை இழுக்கச் சொல்லி அதிகாரி கையைத் தூக்கினார்.

"பொறுங்கள்! அவன் பேசப் போகிறான், பொறுங்கள்!"

கூத்தன் தலையை நிமிர்த்தினான். வாயைத் திறந்தான்.

அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மருதையர் மடத்துக்கு வந்தார். அம்மை ஒரு துணியில் கொஞ்சம் அவலையும் ஒரு மாற்றுச் சேலையையும் வைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அரசருக்கு எழுதிய ஓலை போன செவ்வாய்க்கிழமை வைத்த இடத்திலேயே இருந்தது.

மருதையர் நடந்ததையெல்லாம் சொன்னார். அம்மை முடிச்சுப் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசியில் அவன் வாயைத் திறந்தான் அம்மை. ஏதோ சொல்ல வந்தான். என்ன சொல்ல வந்தான் என்று யாருக்குமே தெரியாமல் போய்விட்டது."

"ஆமாம்."

"ஏடுகளை எரித்துவிடலாமா?"

"எரித்தால் யாருக்கு நிம்மதி? உலகிக்கா? நமக்கா?"

மருதையர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "பாவம் என்னுடையது. ஏட்டை எடுத்தவன் நான்."

"எழுதியவள் நான். சபையில் மூன்று வருஷமாக ஆட்களை நிறுத்தி எண்ணுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் வந்து பார்த்திருக்கலாம். துறையில் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது என்று இங்கேயே இருந்துவிட்டேன்."

மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்கே புறப்பட்டுவிட்டீர்கள் அம்மை?"

"பயன் எவ்வளவு என்று அரசர் கேட்டாரே. பன்னிரண்டு வீடு இருக்கிறது. பதினொரு வீட்டுக்கு நான் போகிறேன். உப்பளத்து வீடு உம்முடையது."

"நான் எப்படி அங்கே போவேன்? வந்துவிடுவார் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்."

"அதனால்தான் உம்முடையது."

"போய் என்ன சொல்ல?"

"சொன்னது போதும். கேட்கப் போம்."

"ஏசுவாள்."

"கேளும்."

"மண்ணை வாரித் தூற்றுவாள்."

"நில்லும்."

"ஒன்றுமே பேசாமல் இருந்துவிட்டால்?"

அம்மை படியிறங்கித் தோணியில் கால் வைத்தார். தோணிக்காரன் துடுப்பை எடுத்தான்.

"அதையும் கேட்டுவிட்டு வாரும்" என்றார்.

அவ்வளவுதான் கதை. செண்பகவடிவு இதோடு நிறுத்திவிட்டார், நானும் நிறுத்திக்கொள்கிறேன். இன்றைக்கு விளக்கு ஏற்றிக் கும்பிடும்போது உலகிக்கும் கூத்தனுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போடுங்கள். பேரைச் சொல்லிக் கும்பிட்டால் போதும்.